ஐந்து வீதம்: வன்னியிலிருந்து பார்க்கும்போது தெரியும் அஷ்ரப்

செப்டெம்பர் 16ஆம் திகதி நெருங்கினால் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபைப் பற்றிய கட்டுரைகள் வரிசையாக வரத் தொடங்கும். ஒலுவில் துறைமுகம் வரும், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வரும், அரநாயக்க மலையில் நொறுங்கிய ஹெலிகொப்டர் வரும். அவற்றில் பெரும்பாலானவை கிழக்கின் கண்ணால் பார்த்து எழுதப்பட்டவை. அது இயல்புதான், அவர் கிழக்கின் பிள்ளை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தத் துறைமுகமும் பல்கலைக்கழகமும் தூரத்துச் செய்திகள். ஆனால் அவர் செய்த இன்னொரு வேலை ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் எங்கள் வாக்குச்சீட்டுக்குள் இருக்கிறது. அதற்குத் திறப்பு விழா நடக்கவில்லை, பெயர்க்கல்லும் இல்லை. அது ஒரு பின்னம்: எட்டில் ஒன்று என்றிருந்ததை இருபதில் ஒன்று என்று மாற்றிய கணக்கு. அவருடைய வாழ்க்கையை அந்தக் கணக்கைச் சுற்றியே சொல்லிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

முகம்மது ஹுசைன் முகம்மது அஷ்ரப் 1948 ஒக்டோபர் 23ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்தார். நாடு சுதந்திரம் பெற்று எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. தந்தை விதானையாராக இருந்தவர். வளர்ந்ததும் படித்ததும் கல்முனையில். வெஸ்லி உயர்தரப் பாடசாலை மாணவர். பின்னர் கொழும்பு சட்டக் கல்லூரிக்குப் போய்ச் சட்டத்தரணியானார். சட்டப் படிப்பை அதோடு விட்டுவிடவில்லை. பிற்காலத்தில், அமைச்சராக இருந்த 1997இல், ஜனாதிபதி சட்டத்தரணியானார். கவிதையும் எழுதினார். சட்டம் படித்தவரின் நுணுக்கமும் கவிஞரின் உணர்ச்சியும் ஒரே மேடைப் பேச்சில் சேர்ந்து வந்ததால்தான் கிழக்கின் இளைஞர்கள் அவ்வளவு எளிதாக அவர் பின்னால் போனார்கள்.

அரசியலுக்கு அவர் வந்த வழி இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. முஸ்லிம் கட்சி ஒன்றின் தலைவராகவே அவர் அறியப்படுகிறார். தொடக்கத்திலோ தமிழர் விடுதலைக் கூட்டணியின் மேடைகளில் பேசியவர் அவர். 1977 பொதுத்தேர்தலை ஒட்டி, சட்டத்தரணி எம்.ஐ.எம். முஹிதீன் போன்றவர்களோடு சேர்ந்து முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியை உருவாக்கினார். அது கூட்டணியோடு உடன்பாடு செய்துகொண்டது. அப்போது அவருக்கு 28 வயது. தமிழ்த் தலைவர்கள் பின்வாங்கினாலும் தாம் பின்வாங்கப்போவதில்லை என்ற கருத்துப்பட அவர் மேடையில் முழங்கியதை அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தேர்தலில் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. வன்னிப் பெருநிலப்பரப்பு முழுவதும் உதயசூரியன்தான்: வவுனியாவில் தா. சிவசிதம்பரம், முல்லைத்தீவில் எக்ஸ்.எம். செல்லத்தம்பு, கிளிநொச்சியில் வீ. ஆனந்தசங்கரி; பக்கத்தில் மன்னாரில் பி.எஸ். சூசைதாசன். ஆனால் கிழக்கில் அதே சின்னத்தில் நின்ற முஸ்லிம் வேட்பாளர்கள் ஒருவரும் வெல்லவில்லை. கல்முனையில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ.ஆர். மன்சூர் வென்றார். அஷ்ரப் கற்றுக்கொண்ட முதல் கணக்குப் பாடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மேடையில் எவ்வளவு கைதட்டல் கிடைத்தாலும், கிழக்கு முஸ்லிம் வாக்காளர் இன்னொருவருடைய சின்னத்துக்குப் புள்ளடி போட ஆயத்தமாக இல்லை. அதேவேளை, ஐக்கிய தேசியக் கட்சியிலும் சுதந்திரக் கட்சியிலும் இருந்து வந்த முஸ்லிம் உறுப்பினர்கள் தங்கள் கட்சித் தலைமை கை உயர்த்தச் சொன்னபோது உயர்த்தும் நிலையில்தான் இருந்தார்கள். நடுவில் ஒரு வெற்றிடம் இருந்தது.

1978இல் வந்த அரசியலமைப்பு அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்கு ஒரு கதவைத் திறந்து, அதே கையால் பாதி மூடியும் வைத்தது. தொகுதிக்கு ஒரு உறுப்பினர் என்ற முறை போய், மாவட்ட அடிப்படையிலான விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தது. சிதறி வாழும் சமூகத்துக்கு இது நல்ல செய்தி. ஆனால் ஒரு மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கை, அதாவது 12.5 வீதத்தை, எடுக்காத கட்சிக்கு அங்கே ஆசனமே இல்லை என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. இதைத்தான் வெட்டுப்புள்ளி என்கிறோம்.

வகுப்பில் குடியுரிமைக் கல்விப் பாடத்தில் இதை விளக்கும்போது நான் ஒரு கற்பனை மாவட்டத்தைக் கரும்பலகையில் எழுதுவது வழக்கம். செல்லுபடியான வாக்குகள் 200,000. ஆசனங்கள் 6. முதலிடம் பெற்ற கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று போக, மிச்சம் 5. ஆகவே ஆசனம் ஒன்றுக்கு ஏறத்தாழ 40,000 வாக்கு. ஒரு சிறிய கட்சி 24,000 வாக்குகளைப் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40,000 இல்லைதான். ஆனாலும் முழு ஆசனங்களைப் பங்கிட்ட பிறகு, மிச்ச வாக்கு யாருக்கு அதிகம் என்று பார்த்தே கடைசி ஆசனங்களைக் கொடுப்பார்கள். அந்த வரிசையில் 24,000 வாக்குகளுக்கு ஓர் ஆசனம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. எட்டில் ஒன்று என்ற விதி இருந்தால்? எல்லை 25,000. அந்தக் கட்சி பங்கீட்டு மேசைக்கே வர முடியாது. 24,000 பேரும் வீட்டில் இருந்ததற்குச் சமன். இருபதில் ஒன்று என்றால் எல்லை 10,000. கட்சி உள்ளே வருகிறது. மிச்ச வாக்கு ஆசனத்தைத் தருகிறது. பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தலை நிமிர்வார்கள். அரசியலில் பின்னம் இவ்வளவு வேலை செய்யுமா என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

முஸ்லிம் காங்கிரஸ் 1981 செப்டெம்பர் 21ஆம் திகதி காத்தான்குடியில் தொடங்கப்பட்டது. முதலில் அது கிழக்கோடு நின்ற ஒரு சிறிய அமைப்பு. அஹமட் லெப்பை அதன் தலைவராக இருந்தார். 1983 ஜூலைக்குப் பிறகு நாடு வேறு பாதையில் போனது. 1985இல் கிழக்கில் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே மூண்ட கலவரத்துக்குப் பின் அஷ்ரப் கல்முனையை விட்டுக் கொழும்புக்குக் குடிபெயர்ந்தார். இடம்பெயர்வு அவரைத் தேசிய அரசியல்வாதி ஆக்கியது என்று சொல்லலாம். 1986 நவம்பரில் கொழும்பில் நடந்த மாநாட்டில் காங்கிரஸ் நாடு தழுவிய கட்சியாக அறிவிக்கப்பட்டது, அவர் தலைவரானார். 1988 பெப்ரவரியில் அங்கீகாரம் கிடைத்தது. சின்னம் மரம்.

அந்த ஒன்றரை ஆண்டுக்குள் முஸ்லிம்களின் கணக்கு தலைகீழாகியிருந்தது. 1987 ஜூலையில் கைச்சாத்தான இலங்கை இந்திய ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைத்தது. கிழக்கில் மூன்றில் ஒரு பங்காக இருந்த முஸ்லிம்கள், இணைந்த மாகாணத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கினார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. ஒப்பந்தத்தைப் பேசிய மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருக்கவில்லை. கையொப்பமிட்ட இரண்டு அரசாங்கங்களும், எதிர்த்து நின்ற இயக்கமும், இந்த விடயத்தில் மட்டும் ஒன்றுபோலவே நடந்துகொண்டன.

1988 நவம்பரில் வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தல் வந்தது. 71 ஆசனங்கள். வடக்கின் 36 ஆசனங்களுக்கும், எங்கள் வன்னி மாவட்டங்கள் உட்பட, வாக்கெடுப்பே நடக்கவில்லை, போட்டியின்றித் தெரிவு. கிழக்கின் 35 ஆசனங்களுக்குத்தான் மக்கள் வாக்களித்தார்கள். இயக்கத்தின் பகிஷ்கரிப்பு ஒரு பக்கம், இந்தியப் படையின் துப்பாக்கி இன்னொரு பக்கம். அந்த நிலையில் ஒரு புதிய கட்சி வேட்பாளர்களை நிறுத்துவதே உயிரோடு விளையாடுகிற காரியம். முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களை வென்றது. ஈ.பி.ஆர்.எல்.எப். கிழக்கில் பெற்றதும் 17தான். ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒன்று. மொத்தச் சபையில் காங்கிரஸ் பிரதான எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. அந்தச் சபை ஒன்றரை வருடம்கூட ஒழுங்காக ஓடவில்லை. ஆனால் ஒன்பது மாதத்துக்கு முன்புதான் அங்கீகாரம் பெற்ற ஒரு கட்சியின் பின்னால் கிழக்கு முஸ்லிம்கள் நிற்கிறார்கள் என்பதை அந்த 17 காட்டிவிட்டது. அடுத்த மாதமே அஷ்ரப் அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார்.

சந்தை என்ற சொல்லை இகழ்ச்சியாகப் பயன்படுத்தவில்லை. 1988 டிசம்பர் 19ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். ரணசிங்க பிரேமதாசவும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் நேருக்கு நேர். தெற்கில் ஜே.வி.பி.யின் கிளர்ச்சி, வாக்களிக்கப் போகிறவர்களுக்குக் கொலை மிரட்டல். யார் வெல்வார் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் சிறிய கட்சித் தலைவர்கள் பொதுவாக என்ன கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும்: அமைச்சு, பிரதியமைச்சு, கூட்டுத்தாபனத் தலைவர் பதவி. அஷ்ரப் சட்டத்திருத்தம் கேட்டார். வெட்டுப்புள்ளியை எட்டில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்றுக்குக் குறைக்க வேண்டும். அதுவும் வெற்றிக்குப் பிறகு பார்க்கலாம் என்ற வாக்குறுதி வேண்டாம், தேர்தலுக்கு முன்னரே பாராளுமன்றத்தில் நிறைவேற வேண்டும்.

இங்கேதான் சட்டத்தரணி அஷ்ரப் தெரிகிறார். 1977இல் தெரிவான, 1982 சர்வசன வாக்கெடுப்பால் ஆயுள் நீடிக்கப்பட்ட அந்தப் பாராளுமன்றத்தில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை கையில் இருந்தது. அது கலைந்துவிட்டால், விகிதாசார முறையில் வரும் அடுத்த பாராளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கும் அப்படியொரு பெரும்பான்மை கிடைப்பது கடினம். ஆகவே அரசியலமைப்பைத் திருத்துவதற்கான ஜன்னல் சில வாரங்களே திறந்திருந்தது. பிரேமதாச இணங்கினார். 15ஆவது திருத்தம் 1988 டிசம்பர் 17ஆம் திகதி சட்டமானது. இரண்டு நாள் கழித்துத் தேர்தல். பிரேமதாச 50.43 வீத வாக்குகளோடு வென்றார். பாதியைத் தாண்டிய வாக்குகள் இருபதாயிரம் சொச்சம்தான். மரத்துக்கு விழுந்த வாக்குகள் இல்லாமல் அவர் முதல் எண்ணிக்கையிலேயே வென்றிருப்பாரா என்று ஒவ்வொருவரும் தாமே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இதைச் சந்தர்ப்பவாதம் என்று எழுதியவர்கள் உண்டு. ஒப்பந்தத்துக்குக் காரணமான அதே ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளருக்கு வாக்குச் சேர்த்துக் கொடுத்தாரே என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பேரம் பேசியவர் அந்தப் பேரத்தால் தமக்குப் பதவி எதையும் வாங்கவில்லை. 1989 பெப்ரவரித் தேர்தலில் திகாமடுல்லவிலிருந்து பாராளுமன்றம் போன அஷ்ரப், 1994 வரை எதிர்க்கட்சி வரிசையிலேயே இருந்தார். வாங்கிய பொருளோ எல்லாருக்கும் பொதுவானது. வெட்டுப்புள்ளி முஸ்லிம்களுக்கு மட்டும் குறையவில்லை.

1989இல் காங்கிரஸுக்குக் கிடைத்தவை தேசியப் பட்டியலோடு சேர்த்து 4 ஆசனங்கள். அவற்றில் ஒன்று வன்னி. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த எங்கள் தேர்தல் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் கட்சி முதன்முறையாக ஆசனம் பெற்றது. சாளம்பைக்குளத்திலும் சூடுவெந்தபுலவிலும் நேரியகுளத்திலும், முல்லைத்தீவின் நீராவிப்பிட்டியிலும் இருந்த சின்னஞ்சிறு ஊர்களின் வாக்குகள் மன்னாரின் வாக்குகளோடு சேர்ந்து ஓர் எண்ணாக மாறியது அப்போதுதான்.

அந்த எண்ணுக்கு ஆயுள் ஒன்றரை ஆண்டு.

1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பத்து நாட்களுக்குள் ஏறாவூர். ஒக்டோபரின் கடைசி இரண்டு வாரங்களில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவு, முசலி, முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், கிளிநொச்சியின் நாச்சிக்குடா, கடைசியில் யாழ்ப்பாணம். ஏறத்தாழ 75,000 பேர். வவுனியா நகரத்துக்கு வடக்கே இருந்தவர்களுக்கும் மேற்கே இருந்த பல கிராமத்தவர்களுக்கும் அதே கதி. எங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலும் தென்னந்தோட்டமும் மாடும் கடையும் அப்படியே கிடக்க, கையில் தூக்கியதோடு வவுனியாவுக்கும் அனுராதபுரத்துக்கும் புத்தளத்துக்கும் நடந்தார்கள்.

அஷ்ரப் பாராளுமன்றத்தில் இதைப் பேசினார், வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு எடுத்துச் சொன்னார். செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஆசனம் என்பது வாக்கை எண்ணும் இடத்தில் பெறுமதியுள்ள பொருள். துப்பாக்கி எண்ணப்படும் இடத்தில் அதற்குப் பெறுமதி இல்லை. அவருடைய அரசியலின் எல்லை அந்த ஒக்டோபரில் தெரிந்தது. தமிழர் விடுதலைக் கூட்டணி மேடையில் தொடங்கிய அஷ்ரபுக்கு, வடக்கு கிழக்கு இணைப்பை முஸ்லிம்களுக்கென ஒரு தனி அலகோடு ஏற்றுக்கொள்ளலாமா என்று யோசித்த அஷ்ரபுக்கு, அது எப்படிப்பட்ட அடியாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். அதன் பிறகும் அவர் தமிழ் மக்களையும் இயக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பேசவில்லை. மேடை அரசியலில் அது மிக எளிதான வழியாக இருந்தும் அவர் அதை எடுக்கவில்லை என்பதை வன்னியில் தமிழ் அயலவர்களோடு வாழ்கிற நாங்கள் மறக்கக்கூடாது.

1994இல் இன்னொரு அஷ்ரபைப் பார்க்கிறோம். அந்த வருடத் தொடக்கத்தில் கிழக்கில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், அம்பாறை மாவட்டத்தின் முஸ்லிம் பெரும்பான்மைச் சபைகளைக் கைப்பற்றாவிட்டால் பாராளுமன்ற ஆசனத்தைத் துறப்பேன் என்று மேடையில் சபதம் செய்திருந்தார். முழுமையாகக் கைப்பற்ற முடியவில்லை. சொன்னபடியே துறந்தார். இந்த நாட்டு அரசியலில் சபதங்கள் பொதுவாக வாக்கெண்ணும் இரவோடு காலாவதியாகிவிடும் என்பதால், இதை ஒரு வினோதச் சம்பவமாகவே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டு ஓகஸ்ட் 16இல் பொதுத்தேர்தல். சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105. பாராளுமன்றத்தில் பெரும்பான்மைக்கு 113 வேண்டும். முஸ்லிம் காங்கிரஸிடம் 7, மலையக மக்கள் முன்னணியிடம் 1. கூட்டினால் சரியாக 113. அந்த ஏழில் ஒன்று மீண்டும் வன்னி. பதினேழு வருட ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிந்தது, அஷ்ரப் கப்பல்துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சரானார்.

அமைச்சர் அஷ்ரபின் சாதனைகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1995 ஒக்டோபரில் தென்கிழக்கில் பல்கலைக்கழகக் கல்லூரி, அடுத்த மே மாதத்தில் அது முழுப் பல்கலைக்கழகம். ஏழே மாதம். எங்கள் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாவதற்கு 2021 வரை காத்திருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அமைச்சரவையில் விடாப்பிடியான ஒருவர் இருப்பதன் பெறுமதி தெரியும். துறைமுக அதிகாரசபையில் கிழக்கின் இளைஞர்களுக்கு வேலை கொடுத்தார். அவர்களில் தமிழர்களும் சிங்களவர்களும் இருந்தார்கள் என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். அமைச்சு ஒரு ஊரின் வேலைவாய்ப்பு அலுவலகமாகிவிட்டது என்று எதிராளிகள் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். தலைவர் அலுவலகத்துக்கு வந்தால் வேலை கிடைக்கும் என்ற பழக்கம், கொள்கையை நம்பி வந்த ஒரு கட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியது. அவர் இருந்தவரை அது வெளியே தெரியவில்லை. ஒலுவில் துறைமுகம் அவர் கண்ட கனவு, 2013இல் திறக்கப்பட்டது. மணல் நிரம்பியதும் கரையோரத்தைக் கடல் அரித்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை அவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

எங்களுக்கு முக்கியம் அவர் அமைச்சின் மற்றப் பாதி: புனர்வாழ்வு. 1994இல் அவர் பொறுப்பேற்றபோது வடக்கு முஸ்லிம்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் நான்காவது வருடத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். நிவாரணம் தொடர்ந்தது. குடியேற்றங்கள் வளர்ந்தன. ஊர் திரும்புவது நடக்கவில்லை, போர் நடக்கும்வரை நடக்கவும் முடியாது. ஆனாலும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். முஸ்லிம் அரசியல் தீர்வு என்று அக்காலத்தில் காங்கிரஸ் முன்வைத்தது பொத்துவில், சம்மாந்துறை, கல்முனைத் தொகுதிகளை மையமாகக் கொண்ட தென்கிழக்கு அலகைத்தான். அதன் வரைபடத்தில் முசலிக்கும் சாளம்பைக்குளத்துக்கும் தண்ணீரூற்றுக்கும் இடமில்லை. பெரும்பான்மை முஸ்லிம்கள் செறிந்து வாழும் இடத்தில் அலகு கேட்பது கணக்குப்படி சரி. அந்தக் கணக்கில் சிதறி வாழ்ந்த வடக்கு முஸ்லிம் மீதியாக நின்றார். சிறுபான்மைக்காகப் பின்னத்தைக் குறைத்தவரின் கட்சிக்குள் வடக்கு ஒரு சிறுபான்மையாகவே இருந்தது.

கடைசி இரண்டு வருடங்களில் அவர் தன் அரசியலையே மாற்றிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். முஸ்லிம் காங்கிரஸ் என்ற பெயரே ஓர் எல்லை என்று உணர்ந்தவர்போல, எல்லாச் சமூகங்களுக்குமான தேசிய ஐக்கிய முன்னணியைத் தொடங்கினார். 1999இல் அவருடைய கவிதைகள் 'நான் எனும் நீ' என்ற பெருந்தொகுதியாக வெளிவந்தன. தீகவாபிக் காணிப் பிரச்சினையில் தம்மைக் கடுமையாக விமர்சித்துவந்த கங்கொடவில சோம தேரரோடு தொலைக்காட்சியில் நேருக்கு நேர் அமர்ந்து, சிங்களத்தில் விவாதித்தார். இன்றைய நிலையில் ஒரு முஸ்லிம் அரசியல்வாதி அப்படியொரு விவாதத்துக்குப் போவாரா என்று தெரியவில்லை. போனாலும் அவ்வளவு நிதானமாகத் திரும்பி வருவாரா என்பதும் ஐயமே. 2000 ஓகஸ்டில் சந்திரிகா பாராளுமன்றத்தில் வைத்த புதிய அரசியலமைப்பு வரைவு நிறைவேறாமல் போனது. பாராளுமன்றம் கலைந்தது. ஒக்டோபர் 10ஆம் திகதிக்குத் தேர்தல் குறிக்கப்பட்டது.

2000 செப்டெம்பர் 16ஆம் திகதி காலை, தேர்தல் வேலைக்காகக் கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட விமானப்படை ஹெலிகொப்டர் கேகாலை மாவட்டம் அரநாயக்க ஊரகந்த மலையில் விழுந்தது. கூடப் போன எவரும் தப்பவில்லை. 52 வயதாக ஐந்து வாரம் குறைவு. விபத்தா சதியா என்ற கேள்விக்கு ஆணைக்குழு அமைக்கப்பட்டது, சந்தேகம் ஓயவில்லை. நான் அதற்குள் போகவில்லை.

அவர் போன பிறகு கட்சி பிளந்தது, பிளந்தது மேலும் பிளந்தது. மனைவி பேரியல் அஷ்ரப் ஒரு பக்கம், தலைமைக்கு வந்த ரவூப் ஹக்கீம் ஒரு பக்கம், பிறகு கிழக்கிலும் வன்னியிலும் தனித்தனிக் கட்சிகள். 2002 ஏப்ரலில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் கிளிநொச்சியில் உடன்பாடு ஒன்றில் கையொப்பமிட்டார்கள். வடக்கு முஸ்லிம்கள் ஊர் திரும்புவதும் அதில் பேசப்பட்டது. அஷ்ரப் உயிரோடு இருந்திருந்தால் அந்த மேசையில் என்ன கேட்டிருப்பார் என்று வவுனியாத் தேநீர்க் கடைகளில் அப்போது நிறையப் பேசப்பட்டது. உண்மையில் ஊர் திரும்புதல் தொடங்க 2009 மே முடிய வேண்டியிருந்தது. திரும்பியவர்கள் கண்டது பற்றைக் காடும் கூரையில்லாப் பள்ளிவாசலும்.

அந்தப் பின்னம் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது, அவர் நினைத்திராத இடங்களிலும். 1994 தேர்தலில், கிளர்ச்சியில் அழிந்து மீண்டெழுந்த ஜே.வி.பி.யினர் இன்னொரு கட்சியின் பெயரில் போட்டியிட்டு ஹம்பாந்தோட்டையில் ஒரே ஒரு ஆசனம் பெற்றார்கள். அங்கே அவர்களுக்கு விழுந்த வாக்கு எட்டில் ஒன்றுக்குக் கிட்டவும் வராது. பழைய சட்டம் இருந்திருந்தால் அந்த ஒன்றும் கிடைத்திராது. அந்த ஓர் ஆசனத்தின் வழிவந்தவர்கள் 2024இல் 159 ஆசனங்களோடு அரசாங்கம் அமைத்தார்கள். 1988 டிசம்பரில் வாக்களிக்கப் போனவர்களை மிரட்டிய கட்சிக்கும் அந்த டிசம்பரில் நிறைவேறிய திருத்தமே திரும்பிவர வழிவிட்டது. வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கு இதைவிடச் சுவையான பாடம் கிடைக்காது.

சிறு கட்சிகள் அதிகம் என்று பெரிய கட்சிகளுக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. 2020 ஜனவரியில் விஜேதாச ராஜபக்ஷ, வெட்டுப்புள்ளியை மீண்டும் 12.5 வீதமாக்கும் தனிநபர் சட்டமூலம் ஒன்றை வர்த்தமானியில் வெளியிட்டார். அது நிறைவேறவில்லை. மாகாண சபைகளின் நிலை அதைவிட மோசம். 2017இல் தேர்தல் முறையை மாற்றிய சட்டமும், அதைத் தொடர்ந்து பாராளுமன்றம் நிராகரித்த எல்லை நிர்ணய அறிக்கையும் சேர்ந்து தேர்தலையே முடக்கிவிட்டன. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 1988இல் அஷ்ரப் எதிர்க்கட்சியாக நுழைந்த அந்த அரங்கு ஆளுநரின் கையில் இருக்கிறது. புதிய தேர்தல் முறை வந்தே தீரும் என்று மறுபடியும் பேசுகிறார்கள். எத்தனை வீதம் தொகுதி, எத்தனை வீதம் விகிதாசாரம், வெட்டுப்புள்ளி எவ்வளவு என்ற அட்டவணை எங்கோ ஒரு குழுவின் மேசையில் தயாராகும். அதைப் படித்துப் பார்க்கக்கூடிய ஆட்களை எங்கள் பக்கத்திலிருந்து அனுப்புகிறோமா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிவாசல் கூட்டங்களில் எந்த வேட்பாளர் எந்த ஊர் என்ற கணக்கே இன்னும் ஓடுகிறது.

2024 நவம்பர் தேர்தலில் வன்னியின் 6 ஆசனங்கள் 5 கட்சிகளுக்குப் பிரிந்தன: தேசிய மக்கள் சக்திக்கு 2, ஐக்கிய மக்கள் சக்தி, தமிழரசுக் கட்சி, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, தொழிற்கட்சி ஆகியவற்றுக்குத் தலா 1. தெரிவானவர்களில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள், தமிழர்களும் இருக்கிறார்கள். எட்டில் ஒன்று என்ற பழைய விதியை அந்த முடிவுத் தாளில் வைத்துப் பார்த்தால், அவற்றில் இரண்டு கட்சிகளின் ஆசனம் காணாமல் போகிறது. ஒன்று தமிழ்க் கட்சி. மற்றதிலிருந்து தெரிவானவர் முஸ்லிம்.